மீன்களுக்குச் சொன்ன பிரசங்கம்

"கிரிதர் சார், எழுதிக் குடுத்ததை மட்டும் பேசுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

மேடைக்குப் பின்னால் நின்று கெஞ்சினார் ரோகிணி டீச்சர்.

"கவலையே படாதீங்க டீச்சர்!" துறவி அங்கியின் இடுப்புக் கயிற்றை இறுக்கிக்கொண்டு மேடையேறினார் கிரிதர்.

கிரிதர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. செவ்வாய்க்கிழமை தவறாமல் மதுரை கோச்சடைக் கோயிலில் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்ற வருகிற இந்து. கணீர்க் குரலுக்காக, திருவிழா நாடகத்தில் டீச்சர் அவருக்கு அந்தோணியார் வேஷமே கொடுத்துவிட்டார்.

"எட்டு மணிக்குத் தேர் கிளம்பணும். அதுக்குள்ள நாடகத்தை முடிச்சிருங்க" என்று பங்குச்சாமியார் கறாராகச் சொல்லியிருந்தார்.

முதல் பாதி அமோகம். போர்ச்சுகல் நாட்டில் பெரிய வீட்டுப் பிள்ளை துறவியானார். வேதம் சொல்ல மொராக்கோவுக்குக் கப்பலேறினார். காய்ச்சல் படுத்தித் திரும்பும்போது, காற்று கப்பலை இத்தாலிப் பக்கம் தள்ளிவிட்டது. அங்கே ஓர் ஊரில் ஜனங்கள் அவர் பேச்சைக் கேட்க மறுத்தார்கள். அந்தோணியார் கடற்கரைக்குப் போய் மீன்களைக் கூப்பிட்டார்.

நீலச்சேலைக் கடலில் அட்டை மீன்கள் தலையை நீட்டின. வசனம் நாலே வரி. கிரிதர் பிசகாமல் சொன்னார்.

சொல்லிவிட்டு, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு அட்டை மீன்களை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"ஏ மீன்களா! உங்களைத்தான்! அயிரை, கெளுத்தி, விராலு எல்லாம் அசையாம உக்காந்து கேளுங்க!"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

"ஆரம்பிச்சிட்டாரு!" டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அயிரையே! உன் உடம்பு இம்புட்டுத்தான். ஆனா நீ இல்லாம மதுரையில ஒரு விருந்து ருசிக்குமா? கெளுத்தியே! மீசை வச்சவன் எல்லாம் வீரன் ஆயிடுவானா?"

ஒரே கைதட்டல். கிரிதர் நிறுத்துவதாக இல்லை. கெண்டைக்கு ஒரு புத்திமதி, குரவைக்கு ஒரு புத்திமதி என்று போய்க்கொண்டே இருந்தது. கைதட்டல் குறைந்து, கொட்டாவி கிளம்பியது.

செல்வக்குமார் என்பவர் மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"ஏ கெண்டை! எங்க போற? குஞ்சோட உக்காரு!"

செல்வக்குமார் முகம் சிவந்து உட்கார்ந்தார். "நாலு பேரு முன்னால மானத்தை வாங்குறாரே மனுசன்!"

டீச்சர் மைக்கை அணைக்கச் சொன்னார். கிரிதர் அசரவில்லை. தொண்டை கிழியக் கத்தினார்.

மேடையோரத்தில் கடைசிக் காட்சிக்காகச் சின்னப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அந்தோணியார் கண்ணை மூடியதும், "புனிதர் இறந்துட்டாரு" என்று தெருத்தெருவாக அழுதுகொண்டு ஓட வேண்டிய பிள்ளைகள். பூசிய பவுடரெல்லாம் வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது.

எட்டு மணி நெருங்கியபோது கிரிதர் சட்டென்று கும்பிட்டார்.

"போதும் மீன்களா! எல்லாரும் பத்திரமாப் போயிட்டு வாங்க!"

மேளம் முழங்கியது. தேரோடு கூட்டமும் கிளம்பிவிட்டது. கடைசிக் காட்சி அம்போ.

கீழே இறங்கிய கிரிதரை டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்கா சார்? இந்தப் பிள்ளைங்க எம்புட்டு ஆசையா ஒத்திகை பார்த்துச்சுங்க! நாலு கைதட்டுக்கு இப்படியா அலைவாங்க?"

"எம்மவ அழுதுகிட்டு நிக்கிறா. நீங்களே சமாதானம் சொல்லுங்க" என்றாள் ஒரு பிள்ளையின் தாய், மீனா.

கிரிதருக்குக் குரல் கட்டியிருந்தது. அந்தப் பிள்ளையின் தலையைத் தடவினார்.

"மன்னிச்சிரு கண்ணு. மன்னிச்சிருங்க டீச்சர்."

"இனிமே உங்களுக்கு இந்த மேடையில வேஷமே கிடையாது!"

அப்போது வாசல் டீக்கடை முத்துக்கருப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தார். நேரே கிரிதரின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"என்னண்ணே இது?" என்றார் டீச்சர்.

"வேப்பங்கொப்பு முறிஞ்சு, கரண்டு ஒயரு அறுந்து கேட்டுக்குக் குறுக்க கிடந்துச்சு டீச்சர். ஜெனரேட்டர் சத்தத்துல உள்ள யாருக்கும் எதுவும் கேக்கல. நான் வெளிய நின்னு ஒயரைக் காட்டிக் கையை ஆட்டுனது மேடையில நின்ன சாருக்கு மட்டுந்தான் தெரிஞ்சிச்சு."

"அதை மைக்குல சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அம்புட்டுப் பேரும் அந்த ஒரே வாசலுக்குத்தானே பாஞ்சிருப்பாங்க? லைன் ஆளு வந்து கரண்டை நிறுத்தி, நான் திரும்பக் கையைக் காட்டுற வரைக்கும், சாரு ஒரு பிள்ளையைக்கூட எந்திரிக்க விடலையே டீச்சர்!"