கேமராவில் விழாத இடம்

கேமராவில் எந்த இடம் விழாது என்று அப்பாவே பார்த்து, அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நான் வாயே திறக்க மாட்டேன். அந்த ஆளுங்க மூஞ்சியைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார்.

வெளிநாட்டுக் கப்பல் நிறுவனம் ஒன்றில் பட்டதாரிப் பயிற்சி. ஒரு வருடம் துறைமுகம் துறைமுகமாக அனுப்பி வேலை கற்றுக்கொடுப்பார்கள். தேறிவிட்டால் அங்கேயே உத்தியோகம். எழுத்துத் தேர்வையெல்லாம் தாண்டிவிட்டேன், மிச்சம் இருந்தது வீட்டிலிருந்தே லேப்டாப்பில் பேசும் இந்த நேர்காணல்தான்.

படிப்பு முடித்த இரண்டு வருடத்துக்குள் சேர வேண்டும் என்பது அவர்கள் விதி. எனக்கு அது இந்த ஆண்டோடு சரி.

அப்பாவுக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். காய்கறிக்காரர் ஒரு தக்காளி கொசுறு போட்டால்கூட, எதற்காகப் போட்டார் என்று வீடு வந்து சேரும்வரை யோசிக்கிறவர். விமான டிக்கெட்டும் கொடுத்து, தங்க இடமும் கொடுத்து, ஒருவன் வேலையும் கற்றுக்கொடுக்கிறான் என்றால் விடுவாரா? காசு கேட்டிருந்தால் சின்னத் திருடன், கேட்கவில்லை அல்லவா, அதனால் பெரிய திருடன் என்பது அவர் கட்சி.

அண்ணனும் ஆறு மாதப் பயிற்சி என்றுதான் போனான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் மட்டும் வருகிறான்.

திரையில் நடுத்தர வயது அதிகாரியம்மா ஒருவர் வந்தார். சிரித்த முகம். பின்னால் வெள்ளைச் சுவர், ஒரு கடிகாரம்.

நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அப்பா ஒரு காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். கரும்பலகையில் எழுதுவதுபோல் கொட்டை எழுத்து. 'சுவர் நிஜமா, படமா?'

சொன்னால் வெட்கக்கேடு, எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. கடிகார முள் நகர்கிறதா என்று பார்த்தேன். நகர்ந்தது.

கப்பல் தாமதமாக வந்து, சரக்கு இறக்க நேரமும் குறைவு என்றால் எந்தக் கண்டெய்னரை முதலில் இறக்கச் சொல்வாய் என்று அதிகாரியம்மா கேட்டார்.

தண்ணீர்பட்ட பாடாகப் படித்து வைத்திருந்த கேள்வி. வாயைத் திறக்கும்போது அடுத்த காகிதம் மேலே வந்தது. 'விலாசம் கேள்.' கண் அங்கே போய்விட்டது. அதைப் படித்து, திரைக்குத் திரும்பி, குளிரூட்டிய பெட்டிகளில் மருந்தை முதலில், பிறகு மீனை என்று காரணங்களோடு சொல்லி முடித்தேன். ஒரு இடத்திலும் தடங்கல் இல்லை.

சந்தோஷப்பட வேண்டியவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எதையோ குறித்துக்கொண்டார்.

அப்பா சொன்னது சரிதானோ என்று தோன்றியது. சரியான பதிலுக்கு முகம் மாறுகிறவர்கள் என்ன நிறுவனத்தார்?

அடுத்த கேள்விக்கு அப்பா தொண்டையைச் செருமினார். அதற்கடுத்த கேள்விக்குக் காகிதத்தைப் படபடவென்று ஆட்டினார். ஒவ்வொரு தடவையும் நான் அந்தப் பக்கம் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் திரும்பி, நல்ல பதிலாகவே சொன்னேன்.

அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்தார். அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா, லேப்டாப்பை ஒரு சுற்றுத் திருப்பிக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

திருப்பினேன். கட்டில், ஜன்னல், அலமாரி எல்லாம் வந்துபோய்க் கடைசியில் அப்பா வந்தார். மடியில் ஒரு கத்தைக் காகிதம். கையில் ஒன்றைப் பிடித்தபடியே இருந்தார். ஒளித்து வைக்க நேரம் இருந்தது, ஒளிக்கவில்லை.

'விலாசம் கேள்' என்ற இரண்டு சொல்தான் அதில் இருந்தது. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது.

என் அப்பா என்று சொன்னேன். அதிகாரியம்மா தலையாட்டினார். பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறவர்களை எடுப்பதில்லை என்பதை மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"விடும்மா. நல்ல கம்பெனியா இருந்தா இப்படிப் பாதியில எந்திரிச்சுப் போவாங்களா?" என்றார் அப்பா. குரலில் ஒரு நிம்மதி.

எனக்கு அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. விவரம் தெரியாத மனுஷர், பயத்தில் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார் என்று நினைத்தேன். சத்தம் போட வாயெடுத்தேன்.

அதற்குள் அம்மா ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள்.

"ஏங்க, அவ கண்ணு அந்தப் பக்கம் போனா என்ன நினைப்பாங்கன்னு உங்களுக்கா தெரியாது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓய்வு பெறும்வரை அப்பா பரீட்சைக் கூடங்களுக்குத் திடீரென்று போய் நிற்கும் பறக்கும் படையில் இருந்தவர். காப்பி அடிக்கிறவனின் கையைப் பார்க்கவே வேண்டாம், கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் போதும் என்பதைக் கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பெருமையாகச் சொல்லுவார்.

அப்பாவைப் பார்த்தேன். அவர் காகிதங்களை மடியில் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவேயில்லை.