பேர் மட்டும் சொல்லமாட்டேன்

"நான் சொல்றதை நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல, மிஸ்?"

பள்ளிக்கூடம் ஒன்றில் ஆலோசகராக இருந்த காலத்தில் ஒரு சிறுமி தன்னிடம் கேட்ட இந்தக் கேள்வியை, வகுப்பெடுக்க வந்தவள் பலகையில் பெரிதாக எழுதினாள். ஆலோசகர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுக்கும்போதெல்லாம் இதில்தான் தொடங்குவாள்.

"நம்ம முன்னாடி வந்து உக்கார்ற எல்லாரும் மனசுக்குள்ள கேக்கற கேள்வி இது. 'சத்தியமா சொல்லமாட்டேன்'னேன். அப்புறம்தான் அவ வாயையே திறந்தா. அந்த நம்பிக்கைதாங்க நம்ம வேலை. எழுதிக்கோங்க."

எல்லோரும் குனிந்து எழுதினார்கள், கடைசி பெஞ்சுக்காரியைத் தவிர. காலையில் வந்ததும் வராததுமாக, "உங்களை மாதிரி ஆகணும்னுதான் மிஸ் இதுல சேர்ந்தேன்" என்று குழைந்தவள், இப்போது பேனா மூடியைக்கூடக் கழற்றாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐஸ் வைக்க மட்டும் தெரியும் போல என்று வகுப்பெடுத்தவள் நினைத்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு அப்படி என்னதான் பிரச்சினை, மேடம்?" முன்வரிசை மீசைக்காரர் ஆவலாகக் கேட்டார்.

"பேர் மட்டும் சொல்லமாட்டேன். தொழில் தர்மம் பாருங்க!"

இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பார்கள். இன்றும் சிரித்தார்கள். அடங்கும்வரை காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"ஏழாங்கிளாஸ். எல்லாரும் சுற்றுலா போறாங்க, இவ மட்டும் மாட்டேங்கறா. என்னன்னு பார்த்தா, ராத்திரியில படுக்கையை நனைச்சிடுவாளாம். வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு விடியறதுக்குள்ள எழுந்து, தண்ணி பாட்டிலை எடுத்துப் படுக்கை மேல கவுத்துடுவாளாம். அவங்க அம்மா, மூடிதான் சரியில்லைன்னு பாட்டில் மேல பாட்டிலா மாத்தியிருக்காங்க, பாவம்!"

சொல்லிவிட்டு, அந்தச் சிறுமி மாதிரியே மூக்கை உறிஞ்சிக் காட்டினாள்.

வகுப்பே குலுங்கியது. "பாட்டில் கடைக்காரன் பங்களாவே கட்டியிருப்பானே, மேடம்!" என்று மீசைக்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசி பெஞ்சுக்காரி மட்டும் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். இவள் எங்கே உருப்படப் போகிறாள்!

"சரியாயிடுச்சா, மேடம்?"

"டாக்டர்கிட்ட அனுப்பினேன், சரியாயிடுச்சு. அது பெருசில்ல. அன்னிக்கு எல்லாத்தையும் கொட்டிட்டு எழுந்து போனவ, கதவுகிட்ட நின்னு திரும்பி ஒண்ணு சொன்னா பாருங்க... இந்த வேலையில நான் வாங்கின பெரிய பரிசே அதுதான். என்ன சொன்னான்னா..."

நெற்றியைத் தேய்த்தாள். நாக்கு நுனியில் நின்றது, வரமாட்டேன் என்றது.

"என்னமோ சொன்னாளே..."

கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"'நீங்க சிரிக்கவே இல்ல, தேங்க்ஸ் மிஸ்'னு சொன்னேன்."

மேசையைத் தட்டப்போன மீசைக்காரரின் கை அப்படியே நின்றது.

வகுப்பெடுக்க வந்தவள், சிரித்ததில் வந்த கண்ணீர் காயாத முகத்தோடு, கைப்பையைக்கூட எடுக்காமல் வெளியே போனாள்.