ஜன்னலோர மேசை

“அந்த டப்பாவை மூஞ்சில மாட்டிக்கிட்டுப் போனேன்னு வை, பொண்ணு மட்டுமில்ல, காபி கொண்டு வர்றவனும் ஓடிடுவான்!” என்று சித்தி போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

டப்பா என்று அவள் சொன்னது அவனுடைய எலக்ட்ரானிக் கண்ணாடியை. முன்னால் கேமரா, உள்ளே இரண்டு குட்டித் திரை. அது இல்லாவிட்டால் மனிதர்கள் எல்லாரும் அவனுக்குக் கலங்கலான நிழல்கள்தான். அது இருந்தால் எழுத்து ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருக்கிறான்.

“அது இல்லாம பொண்ணு எப்படித் தெரியும் சித்தி?”

“அதான் போட்டோவை நாள் பூரா பெருசு பண்ணிப் பாத்தியே, போதாதா? ஜன்னலோர மேசைன்னு பேசி வச்சிருக்கேன். போ, உக்காரு, சிரி. ஏற்கெனவே ரெண்டு இடம் அந்தக் கண்ணாடியாலதான் தட்டிப் போச்சு. இதுவும் போச்சுன்னா இனிமே நான் உனக்குப் பொண்ணு பாக்க மாட்டேன், ஆமா!”

கண்ணாடியைப் பைக்குள் திணித்துக்கொண்டு அரை மனதாகக் காபிக் கடைக்குள் நுழைந்தான். ஜன்னலோரத்தில் பச்சையாக ஒரு நிழல் தனியே உட்கார்ந்திருந்தது.

“ரொம்ப நேரமாக் காத்திருக்கீங்களா?”

“இல்ல, இப்பத்தான் வந்தேன். உக்காருங்க” என்றது நிழல். அந்தக் குரல் அவனுக்கு உடனே பிடித்துப்போனது.

பரிமாறுபவர் கொண்டுவந்த விலைப்பட்டியலை நைசாக அவள் பக்கம் நகர்த்தினான். “நீங்களே சொல்லுங்க.”

அவள் அதைப் பிரிக்கக்கூட இல்லை. “காபி போதுமே” என்று அவன் வயிற்றில் பால் வார்த்தாள்.

வயலின் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னாள். சித்தி என்னவோ பாங்க் வேலை என்றிருந்தாள். சித்தி சொல்வதில் பாதிதான் தேறும் என்பதால் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் பங்குக்கு, ஒரு சமையல் புத்தகத்தில் ‘ஒரு சிட்டிகை உப்பு’ என்பது ‘ஒரு சட்டி உப்பு’ என்று அச்சேறப் போனதைத் தடுத்த வீரக்கதையை அவிழ்த்துவிட்டான்.

“விட்டிருந்தா, புத்தகம் எழுதினவரையே உப்புக்கண்டம் போட்டிருப்பாங்க!” என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் அவன் கவிழ்ந்தே போனான். இவளிடம் பொய்யில் தொடங்க அவனுக்கு மனசு வரவில்லை. சித்தி என்ன கத்தினாலும் கத்தட்டும். பையிலிருந்து கண்ணாடியை வெளியே எடுத்தான்.

“ஒண்ணு சொல்லணுங்க. எனக்குப் பார்வை ரொம்பக் கம்மி. இதுவரைக்கும் உங்க முகத்தையே நான் சரியாப் பாக்கல. இதைப் போட்டாத்தான் தெரியும். பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க.”

இந்த இடமும் போயிற்று என்று பயந்துகொண்டே கண்ணாடியை மாட்டி நிமிர்ந்தான். பகீரென்றது.

அழகாகத்தான் இருந்தாள். ஆனால் போட்டோவில் பார்த்த பெண் இவள் இல்லை! திரும்பினான். பின்னால், அடுத்த ஜன்னலோர மேசையில், போட்டோவில் இருந்தவள் கடுகடுவென்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயோ, மன்னிச்சுக்குங்க! மேசை மாறி உக்காந்துட்டேன்” என்று பதறி எழுந்தான்.

எதிரே இருந்தவள் தன் கைப்பையைத் திறந்தாள். அவனுடையதைப் போலவே ஒரு டப்பாவை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டு, அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் கழுத்தை நீட்டினாள்.

“அதோ, நம்மளையே முறைச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவர்தான் எனக்குப் பாத்த மாப்பிள்ளை. சத்தம் போடாம உக்காருங்க. அவங்க ரெண்டு பேரும் கிளம்பினதும் இன்னொரு காபி சொல்லலாம்.”