மேசையின் வயசு

“ஏனப்பா மதியழகா, இந்த மேசை நெசமாவே பழசுதானா?”

இன்ஸ்பெக்டர் தீர்த்தகிரி லத்தியால் மேசைக் காலைத் தட்டினார். ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியில் மதியழகனின் பழம்பொருள் கடை. அதற்குள் போலீஸ் நுழைவது இதுதான் முதல் தடவை.

“நூறு வருசத்துச் சாமானுங்க சார். கையால செஞ்சதுங்க.” மதியழகன் கைகூப்பினான். மாட்டினால் ஜெயில். ஆவணியில் மகள் கனிஷ்காவுக்குக் கல்யாணம்.

“அத இவரு சொல்லட்டும். வளவன் சார், மரச்சாமான் நிபுணர்.”

வளவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசை மேல் குனிந்தார். தேக்குப் பலகையில் மயிலும் கொடியும். கறுப்புக்கு ஈட்டி மரம், மஞ்சளுக்குப் பலா என்று துண்டு துண்டாகச் செதுக்கிப் பதித்த வேலை.

“வேலை என்னவோ அருமைங்க. ஆனா மரத்துக்குன்னு ஒரு குணம் உண்டு,” என்றார், பாடம் நடத்தும் ஆசையோடு. “வருசம் போகப் போக அகலவாட்டுல சுருங்கும், நீளவாட்டுல சுருங்காது. அதனால வட்டமா அடிச்ச மர ஆணி நாளாவட்டத்துல முட்டை மாதிரி ஆயிரும். இங்க பாருங்க...” ஸ்கேலை வைத்து அளந்தார். “கச்சிதமான வட்டம்!”

தீர்த்தகிரியும் குனிந்து பார்த்தார்.

“பூச்சி அரிச்ச ஓட்டையெல்லாம் இருக்குதே?”

வளவன் மெல்லிய கம்பி ஒன்றை ஓட்டைக்குள் விட்டார். தடையில்லாமல் இறங்கியது. “பூச்சி குடிகாரன் மாதிரிங்க, நேராவே போகாது. இது டிரில்லு போட்ட ஓட்டை.” அடிப்பக்கம் டார்ச் அடித்தார். “அட, ஸ்டார் ஸ்க்ரூ வேற! போன வருசத்துச் சரக்குங்க இது.”

கல்லாவில் இருந்த மனைவி ரஞ்சிதா ஓடிவந்தாள். “ஏனுங்க, உண்மையச் சொல்லிப்போடுங்க. சார், உங்க கால்ல வேணா உழறனுங்க!”

மதியழகன் தலை குனிந்தான். “நானே... செஞ்சதுங்க சார்.”

“பித்தலாட்டக்காரா! இனிமேல் எவங்கிட்டயாச்சும் பழசுன்னு சொன்னே, தொலைச்சுப்போடுவேன்.” தீர்த்தகிரி செல்போனைக் காதில் வைத்தபடி வாசலுக்கு நடந்தார். “ஐயா, பங்களாவுல திருட்டுப் போன மேசை இது இல்லீங்க. வெறும் டூப்ளிகேட்டு.”

ஜீப் கிளம்பிப் போனது. ரஞ்சிதா தரையில் உட்கார்ந்து அழுதாள். “ஊரெல்லாம் சிரிக்கப் போகுது. புதுசப் பழசுன்னு காட்டி ஏமாத்தற பொழப்பு நமக்கு எதுக்குங்க?”

மதியழகன் கடைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

“மெதுவாப் பேசு புள்ள. ஆணிய மாத்தி, ஸ்க்ரூ முடுக்கி, இந்தப் பழசப் புதுசாக் காட்டறதுக்குள்ள எனக்கு உசுரே போயிருச்சு.”