எல்லைக் கொடியில் மஞ்சள் பொடி

ஐயாசாமியின் கரும்புத் தோட்டத்து எல்லையில் யாரோ மஞ்சள் தூவிவிட்டுப் போயிருந்தார்கள்.

வேலியில் படர்ந்திருந்த காட்டுமல்லிக் கொடியின் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்புறமெல்லாம் செம்மஞ்சள் பொடி அப்பியிருந்தது. தொட்டார், விரலில் ஒட்டிக்கொண்டது. முகர்ந்தார், மஞ்சள் வாசனை துளிகூட இல்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

"பாக்கியம்! சூனியம் வெச்சுட்டான்டி!"

வைத்தவன் என்று அவர் சொன்னது பக்கத்துத் தோட்டத்து ஆல்பெரை. அந்தக் கொடி நிற்கிற துண்டு நிலம் யாருக்கு என்று இருவருக்கும் நெடுநாளாகத் தகராறு. போன வாரம்தான் கான் தெ மாஸ்க் கிராமத்துச் சீனர் கடையில் ஊரே கேட்க, "உயிரே போனாலும் ஒரு சாண் விடமாட்டேன்" என்று மார்தட்டியிருந்தார் ஐயாசாமி. உயிர் நிஜமாகவே போகக்கூடும் என்று அப்போது அவர் யோசிக்கவில்லை.

மனைவி பாக்கியம் ஓர் இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது துரு நோய்ங்க. இலையில பூக்குற பூசணம். எங்கப்பாவோட காப்பிச் செடியெல்லாம் இப்படிப் பொடி பூத்துத்தான் செத்துச்சு. ஆத்தங்கரை வரைக்கும் இந்தக் கொடி பூரா இப்படித்தான் கெடக்கு."

"ஆத்தங்கரை வரைக்குமா?" ஐயாசாமி வேலி நெடுக எட்டிப் பார்த்தார். "எவ்வளவு செலவு பண்ணியிருப்பான் பாரு!"

பாக்கியம் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சூனியத்தைத் துடைப்பத்தால் அடித்தால் ஓடிவிடும் என்று எப்போதோ கேட்டது நினைவுக்கு வந்தது. அடித்தார். பொடி கிளம்பி அவர் மீசையிலும் பக்கத்தில் கட்டியிருந்த மாட்டின் முதுகிலும் படிந்ததுதான் மிச்சம். அன்று சாயங்காலமே வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது.

"பாதிப் பலாப்பழத்தைத் தனியாளா தின்னா பிசையாதா?" என்றாள் பாக்கியம்.

"பலாப்பழத்துலயும் வெச்சிருக்கான்" என்று முனகினார் ஐயாசாமி.

மறுநாள் விடியும்போது கரும்புக்குள் பதுங்கி வேவு பார்த்தார். ஆல்பெர் வந்தான். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். சின்னப் புட்டியிலிருந்து கொடியின் மேல் தண்ணீர் தெளித்தான். பிறகு திரும்பியே பார்க்காமல் விறுவிறுவென்று வீட்டுக்கு நடையைக் கட்டினான்.

"திரும்பிப் பாக்காமப் போறான்டி! மந்திரக்காரனுக்கு அதுதான் முறை!" என்று வீட்டுக்கு ஓடிவந்து பாக்கியத்திடம் சொன்னார். கேள்வி கேட்க இனி எதுவும் இல்லை. நிலமா, உயிரா என்று ஐயாசாமி தீவிரமாக யோசித்தார். ரொம்ப நேரம் ஆகவில்லை.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு தார் வாழைப்பழத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ரோட்டு வழியாகப் போனால் சீனர் கடையில் இருப்பவர்கள் கண்ணில் படவேண்டிவரும். மார்தட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் வேலியோரமாகவே, புதருக்குள் நுழைந்து நுழைந்து போனார்.

வழி நெடுக வசனத்தை ஒத்திகை பார்த்தார். "ஆல்பெர், அந்த நிலத்தை உனக்குத் தானமா குடுக்கிறேன்." இது கம்பீரமாக இருந்தது, ஆனால் 'தானமா' என்ற இடத்தில் நாக்கு முரண்டு பிடித்தது. "ஏதோ பாத்துச் செய்ப்பா" என்று மாற்றிப் பார்த்தார். இது சரளமாக வந்தது. கௌரவமாகத்தான் இல்லை.

ஆல்பெரின் வீட்டு வாசலுக்கு வந்தபோது, வேலிக் கொடியெல்லாம் உரசி அவருடைய வெள்ளைச் சட்டை காவியாகியிருந்தது. தலைமுடி, புருவம், மீசை எல்லாம் செம்மஞ்சள். கண் எரிந்து சிவந்திருந்தது. அவர் அதையெல்லாம் எங்கே கவனித்தார்? வசனத்தின் முதல் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார்.

கதவைத் தட்டினார்.

திறந்த ஆல்பெர் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "பொந்தியே!" என்று கடவுளைக் கூப்பிட்டு அலறினான். உள்ளே அவன் மனைவி போலெட் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

ஐயாசாமி வசனத்தைக் கைவிட்டு, விழத் தோதாகக் காலடியில் இடம் பார்த்தார்.

அதற்குள் ஆல்பெர் அவர் காலில் விழுந்துவிட்டான்.

"நிலம் உங்களுக்கேதான் மிஸ்யே, மாதா கோயில் தண்ணி தெளிச்சும் மஞ்சள் போகல, உங்க அம்மனை மட்டும் திரும்பக் கூப்பிட்டுக்கங்க!"