நிருபரைத் தேடித் தோண்டிய குழி

"உன் புருஷன் எவகூடனா பூட்டிருப்பான்மா, பேப்பர்காரன்தானே..."

"வாயைக் கழுவுங்க சார்! கம்பெனிக்குப் பின்னால போன என் வூட்டுக்காரரை மூணு நாளா காணோம். கொன்னு பொதைச்சிருக்காங்க, தோண்டுங்க!"

சாயக் கம்பெனி கழிவைப் பீப்பாய்களில் அடைத்துப் புதைப்பதால் பிள்ளைப்பாக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் சிவக்கிறது என்று நிருபர் யாக்கோபு ஆறு மனு கொடுத்தும், இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் ஒரு மண்வெட்டியைக்கூட அனுப்பியதில்லை. இன்று யாக்கோபின் மனைவி எஸ்தர் ஊரையே திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தலைவிதியே என்று எட்டு ஆளை விட்டுத் தோண்டினார்.

"பொணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் பீப்பாயாத்தான் கீது!" என்று வெற்றியோடு ஒன்றின்மேல் காலைத் தூக்கி வைத்தார்.

கூட்டத்தில் ஒருவர் முகத்தை மூடியிருந்த துண்டை இழுத்துவிட்டுக் கேமராவை உயர்த்தினார். யாக்கோபுதான்.

"காலை எடுங்க சார், கம்பெனி பேரை மறைக்குது!"