இடது முன்கதவு

"அக்கா, இதை எடுத்துரட்டுங்களா?"

கார் மெருகேற்றும் கடைப் பையன் சபரி கதவருகே குந்தியபடி கேட்டான். கையில் பாலிஷ் மெஷின்.

அவள் குனிந்தாள்.

ஹெரால்டு காரின் இடது முன்கதவு. கைப்பிடிக்குக் கீழே ஏழெட்டுக் கீறல்கள். பிறை பிறையாக, மெல்லிசாக. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

அவளுக்கு விளக்கு வேண்டாம். இருபத்துநான்கு வருடமாக மனப்பாடம்.

"ஃபிலிம் ஒட்டிட்டா உள்ள இருக்கறது உள்ளயேதானுங்க. அப்புறம் தொட முடியாது. தன்னைக் கேக்காம எதையும் எடுக்க வேண்டாம்னாரு சார். அவரு ஹாரன் வாங்கப் போயிட்டாரு. நீங்கதான் இருக்கீங்களே, சொல்லுங்க."

மற்ற இடமெல்லாம் ஒட்டியாகிவிட்டது. மிச்சம் இந்த ஒரு கதவு. பெயிண்டில் கீறல் படாமல் காக்கும் பளிங்கு மாதிரித் தாள், ஒட்டியதே தெரியாது. ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு இப்படி ஒரு ராஜ உபசாரம். மனுஷனுக்குக் கிறுக்கு என்று சிங்காநல்லூரில் பாதிப் பேர் சொல்லிக்கொண்டார்கள். சொல்லட்டும், கிறுக்கு வண்டி மேல் இல்லை என்பது அவளுக்கல்லவா தெரியும்.

சுலோச்சனா.

அவள் கணவரின் முதல் மனைவி. மூன்றே வருடம் வாழ்ந்து, காய்ச்சலில் போனவள். கூடத்தில் படமாக இருப்பவள். அவள் வளையல் உரசிய கீறல்கள் இவை.

சொன்னது நாத்தனார். அதுவும் எந்த நாளில்! இவளுடைய வளைகாப்பன்று. இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் குலுங்க, இவள் காரில் ஏறக் கைப்பிடியைத் தொட்டாள். "பார்த்துக் கண்ணு, அது எங்க சுலோச்சனா வளையல் பட்ட எடம்" என்றாள் நாத்தனார். நாக்கா அது, தேள்கொடுக்கு!

அடுத்த முறையிலிருந்து இவளுக்குப் பின்சீட்.

முதலில் வயிற்றைச் சாக்கு சொன்னாள். பிறகு கைக்குழந்தையை. பிறகு மகனின் பள்ளிக்கூடப் பையை. மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு சாக்கே தேவைப்படவில்லை, பழகிவிட்டது. அவர் ஓட்டுவார். பக்கத்து இருக்கை காலியாக வரும்.

காலி என்று யார் சொன்னது? சுலோச்சனா உட்கார்ந்திருந்தாளே.

உயிரோடிருக்கும் சக்களத்தி என்றால் குடுமிப்பிடிச் சண்டையாவது போடலாம். மாலை போட்ட படத்தோடு எதைப் பிடித்து மல்லுக்கட்டுவது?

இப்போது அந்தக் கீறலுக்குக் கவசம் வேறு போடப் போகிறார். சாகும்வரை அழியாமல் இருக்க.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எடுத்துரு" என்றாள்.

"பூராவுமுங்களா?"

"பூராவும்."

மெஷின் உறுமியது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சபரி துணியால் துடைத்தான். ஆகாய நீலத்தில் அவள் முகம் தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை.

சந்தோஷமாக இருந்தது. சொல்லப்போனால் வெட்கமாகவும் இருந்தது. செத்தவளைப் போய் ஜெயித்துவிட்டாயாக்கும் என்று மனசு இடித்தது. இடிக்கட்டும்.

சபரி சோப்புத் தண்ணீர் அடித்தான். தாளை விரித்தான். ரப்பர் தகட்டால் அடியிலிருந்த தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி வெளியேற்றினான். ஒரு கொப்புளம் இல்லை.

அவர் வந்தார்.

வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை. பானெட்டில் கை வைக்கவில்லை. நேரே இடது முன்கதவுக்கு வந்து குனிந்தார். கைப்பிடிக்குக் கீழே விரலால் தடவினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இங்க இருந்துதே?"

சபரி அவளைப் பார்த்தான்.

"நாந்தான் எடுக்கச் சொன்னேன்" என்றாள். குரல் ஓங்கியே வந்தது. சண்டைக்குத் தயாராக நின்றாள். இருபத்துநான்கு வருடச் சண்டை, கடையென்றும் பார்க்காமல் இங்கேயே போட்டுவிடலாம்.

அவர் சண்டைக்கு வரவில்லை.

"உன்னோடது. உன் இஷ்டம்."

"என்னோடதுங்களா?"

"பின்ன? நம்ம கல்யாணத்துக்கு முந்துன வாரந்தான அம்மிணி, தகரம் தெரியச் சொரண்டிப் புதுசா பெயிண்ட் அடிச்சேன்? அந்த ஒரு வருசம் நீ ஏறறப்பெல்லாம் கதவுல வளையல் சத்தம் கேக்கும்."

அவள் தன் கை வளையலைப் பார்த்தாள்.

"அப்புறம் நீயாப் பின்னால போயிட்ட. ஏன்னு நானும் கேக்கல." அவர் இன்னும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பக்கத்துல உக்காந்து வந்ததுக்கு அது ஒண்ணாவது இருக்கட்டும்னுதான் இதை ஒட்டவே சொன்னேன்."

சபரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை சுத்தமாக ஒட்டியும் ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்றிருந்தது.

"கவலையே வேண்டாமுங்க சார். இனி என்ன பட்டாலும் ஒரு கீறல் விழாது."

அவர் பழக்கதோஷத்தில் பின்கதவைத் திறந்து அவளுக்காகப் பிடித்துக்கொண்டார்.

அவள் அங்கே போகவில்லை. முன்கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். வளையல் கதவில் பட்டது.

குனிந்து பார்த்தாள்.

இன்னொரு தடவை, ஓங்கி இடித்தாள்.